வாசிக்கிற மாதிரி இருங்க

2012-ஆம் வருடம், பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போன பெண்களெல்லாம் சென்னைக்குப் பக்கத்திலுள்ள ஒரகடத்துக்குத் திரும்பியிருந்த நேரம் அது. அங்கே ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நான் டிரெய்னியாக வேலைக்குச் சேர்ந்தேன். கார் ஓட்டுகிறவருக்கு முன்னால் வேகம் காட்டும் மீட்டர் இருக்குமே, அதற்குள் இருக்கும் போர்டைச் சரிபார்த்து அடுத்த ஆளிடம் தள்ள வேண்டும். எட்டு மணி நேரம் அதே வேலை. தங்கியிருந்தது படப்பையில், ஒரு மாடி ரூமில் நாலு பேராக.

எனக்கு நாகர்கோவில் பக்கம். சின்ன வயதில் ஒரு மியூசிக் ஸ்கூலில் கிளாசிக்கல் கித்தார் படித்து மூன்று கிரேடு முடித்திருந்தேன். வேலைக்கு வரும்போது ரயிலில் கித்தாரை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். கித்தார் என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "பாடுவியா?" என்பதுதான். நான் படித்ததில் பாட்டு கிடையாது. நைலான் கம்பிகள். வலது கையின் ஒவ்வொரு விரலும் தனித்தனியாக ஒரு கம்பியைத் தொடும். ராகமும் அதற்கு அடியில் ஓடும் கனத்த சுரமும் ஒரே கையிலிருந்து வரும். இதை விளக்கி முடிப்பதற்குள் கேட்டவர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்.

விளக்கமே தேவைப்படாதவள் என் ரூமில் இருந்த ஒரே ஒருத்தி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது ஜெபப் பாட்டுகளுக்கு கித்தார் வாசித்திருக்கிறாள். நான் வந்த அன்றே உறையைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இது உன்னுதா? கொஞ்சம் தொட்டுப் பாக்கட்டா?" என்று கேட்டாள். தொட்டவள் அப்புறம் கீழே வைக்கவே இல்லை. அவளுக்கு நோட்டேஷன் படிக்கச் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த தீபாவளிக்குள் அவளும் ஒன்று வாங்கிவிட்டாள். மற்ற இருவரும் நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்குவார்கள் என்பதால், கம்பிகளுக்கு அடியில் கைக்குட்டையைச் செருகிச் சத்தத்தை அமுக்கி வைத்துப் பழகுவோம். இடது காலை உயர்த்தி வைக்க ஒரு சின்ன ஸ்டூல் வேண்டும். எங்களுக்கு அது வீட்டு ஓனர் தூக்கிப் போட்ட பெயின்ட் டப்பா. ஆளுக்கு ஒன்று.

படப்பையில் ஒரு கணக்கு டியூஷன் சென்டர் இருந்தது. அதை நடத்திய மாஸ்டருக்கு இந்த வாத்தியத்தின் மேல் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு, எங்களைப் போல நாலைந்து பேரை உட்கார வைப்பார். கார் கம்பெனி இன்ஜினியர் ஒருவர், ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் ஒரு அக்கா, நாங்கள் இரண்டு பேர். யாரும் பெரிய வித்வான் இல்லை. அந்த வாரம் பழகியதை ஒவ்வொருவராக வாசிப்போம். எங்கே தடுக்குகிறது என்று மற்றவர்கள் சொல்வார்கள். எந்த விரலை எங்கே வைத்தால் சுலபம் என்று நோட்டேஷன் ஜெராக்ஸில் பென்சிலால் குறித்து, அதைக் கைமாற்றிக்கொள்வோம். வாரம் முழுக்க கம்பெனி லைனில் "ஏய் மூணாம் நம்பர்" என்று கூப்பிடப்பட்ட நான், அந்த இரண்டு மணி நேரம் மட்டும் பெயருள்ள மனுஷியாக இருந்தேன்.

ஒருநாள் அந்த இன்ஜினியர் எங்களிடம் சில தாள்களை நீட்டினார். "ரெண்டு கித்தாருக்கு எழுதினது. எனக்கு ஜோடி இல்ல. நீங்க எடுத்துக்குங்க" என்றார். மூன்று பகுதிகள். முதல் இரண்டிலும் ராகம் என் கையில். அவள் கீழே துணை போவாள். மூன்றாவதில் அது அப்படியே திரும்பும். ராகம் அவளிடம் போய்விடும், நான் அடங்கிப் போக வேண்டும். அந்த மூன்றாவது பகுதிதான் இருப்பதிலேயே அழகு. அதற்காகத்தான் அவள் அவ்வளவு பாடுபட்டாள். மூன்று மாதம் பழகினோம். டியூஷன் சென்டரில் ஒரு ஞாயிறு முதல் தடவையாக எங்கேயும் நிற்காமல் முடித்தபோது, மாஸ்டர் சாக்பீஸ் கையோடு எழுந்து நின்றார். பிறகு, "அந்தக் கடைசிப் பார்ட்டை இன்னொரு தடவ வாசிம்மா" என்று அவளைப் பார்த்துக் கேட்டார். அவள் முகம் காது வரை சிவந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் ஃபேமிலி டே நோட்டீஸ் ஒட்டினார்கள். திறமை உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று இருந்தது. ஹெச்.ஆர். அதிகாரி ஒருவர் கேன்டீன் பக்கத்து அறையில் எங்களை வாசிக்கச் சொன்னார். பாதி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பேச்சு இனிப்பாக இருந்தது.

"சூப்பர்மா. இதுவரைக்கும் எல்லாரும் குத்துப்பாட்டுக்கு ஆடத்தான் பேர் குடுத்திருக்காங்க. இது கிளாஸா இருக்கு. பத்து நிமிஷம் உங்களுக்குத்தான். நீங்க டிரெய்னி தானே? எப்ப முடியுது?"

"மார்ச்சுல, சார்."

"உங்கள மாதிரி டேலண்ட் உள்ளவங்க கம்பெனிக்கு வேணும். நல்லாப் பண்ணுங்க, பார்த்துக்கலாம்."

பார்த்துக்கலாம். அந்த ஒரு வார்த்தையை அவள் ரூமுக்குக் கொண்டுவந்து, அடைகாக்கிற மாதிரி வைத்துக்கொண்டாள். டிரெய்னி காலம் முடிந்தால் பத்தில் ஒருத்தியைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று லைனில் பேச்சு. அவள் சம்பளத்தில்தான் ஊரில் தங்கச்சி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில் பக்கத்தில் ஒரு பிரேக் பார்ட்ஸ் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், நேரில் வந்தால் போதும், பெர்மனென்ட் என்று அவளுக்குத் தகவல் வந்தது. இன்டர்வியூ நாளும் ஃபேமிலி டே நாளும் ஒன்று.

"நீ இன்டர்வியூவுக்கே போயிருட்டி. இது எப்ப வேணாலும் வாசிக்கலாம்" என்று எத்தனையோ தரம் சொன்னேன்.

"நீ சும்மா இருட்டி. அங்க போனா நான் கூட்டத்துல ஒருத்தி. இங்க சாருக்கு நம்மளத் தெரியும். மேடையில கேட்டுட்டாவன்னா எப்படி அனுப்ப மனசு வரும்?" என்றாள்.

அவள் கணக்கு தப்பு என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு எனக்கும் அப்போது உலகம் தெரியாது.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. நகம். கிளாசிக்கல் கித்தாருக்கு வலது கையில் கட்டை விரலும் அடுத்த மூன்று விரல்களும் கொஞ்சம் நகம் வளர்ந்து, வழவழவென்று தேய்த்து வைத்திருக்க வேண்டும். கம்பியின் நாதமே அங்கேதான் பிறக்கிறது. எங்கள் லைனிலோ நகம் வளர்ப்பது குற்றம், போர்டில் கீறல் விழும். நாங்கள் கையுறைக்குள் ஒளித்து வைத்திருந்தோம். லைன் லீடர் அந்தப் பக்கத்து வடக்குப்பட்டு ஊர்க்காரர். கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"இன்னாம்மா இது, மோகினி மாதிரி நகத்த வளத்துகினு கீறீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "சரி, கிளவுஸ் கிழியாம பாத்துக்கோ. ஃபேமிலி டே முடிஞ்ச மறுநாளு வெட்டிடணும், சொல்ட்டேன். நானும் என் பசங்கள இட்டுகினு வந்து கேக்கறேன்."

நிகழ்ச்சி நடக்க இருந்த வாரம், எங்களிடம் மீட்டர் வாங்கும் கார் கம்பெனிக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஆடிட்டுக்கு வந்தார்கள். நான் காலை ஷிஃப்ட். லைனுக்குள் போகும் முன்னால் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, கையை நீட்டச் சொன்னார்கள். சூப்பர்வைசர் பின்னாலேயே நின்றதால் லைன் லீடரால் என்னைத் தாண்டிப் போக முடியவில்லை. என் கையைப் பிடித்தார். "என் வேல பூடும்மா" என்று மெதுவாகச் சொன்னார். நகவெட்டியை எடுத்து, அவரே நான்கு விரல் நகத்தையும் சதையோடு ஒட்ட வெட்டினார். ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அழவில்லை. அன்றைக்கு எத்தனை போர்டு பார்த்தேன், எதைத் தள்ளினேன் என்று ஒன்றும் நினைவில் இல்லை.

அவளுக்கு அந்த வாரம் இரண்டாவது ஷிஃப்ட். அவள் போவதற்குள் ஆடிட்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். அதனால் அவள் நகம் தப்பித்தது. மறுநாள் காலையில் என் விரல்களைப் பார்த்தவள், பெட்டியிலிருந்து நகவெட்டியை எடுத்தாள். என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குப் புரிவதற்குள் கட்டை விரல் நகம் கீழே விழுந்துவிட்டது.

"லூசாட்டி நீ? உன்னுதாவது கணீர்னு கேக்கும்லா!"

"எனக்குக் கணீர்னும் உனக்கு மொட்டையாவும் கேட்டா அது ஜோடியா? ரெண்டும் ஒண்ணு போலக் கேக்கட்டும்."

எனக்குக் கோபமாகவும் வந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. மிச்சமிருந்த நாட்களில் விரல் சதையால் வாசிக்கப் பழகினோம். சத்தம் பாதியாகக் குறைந்தது. ஆனால் பஞ்சு வைத்தது மாதிரி ஒரு மென்மை வந்தது. மைக் மட்டும் நன்றாக இருந்தால் சமாளித்துவிடலாம் என்று தோன்றியது. ஹெச்.ஆர். அதிகாரியிடம் போய் இரண்டு மைக் வேண்டும், கித்தார் உயரத்துக்கு இறக்கி வைக்க வேண்டும் என்று சொன்னோம். "ஷ்யூர், ஷ்யூர்" என்றார்.

ஃபேமிலி டே அன்று கம்பெனி மைதானத்தில் பெரிய பந்தல். காலையில் முதல் நிகழ்ச்சியே எங்களுடையது என்று சொல்லியிருந்தார்கள். சீஃப் கெஸ்டாக வரவேண்டிய வெளிநாட்டு டைரக்டர் வரத் தாமதமானதால் எல்லாம் மாறியது. குழந்தைகளின் டான்ஸ், மியூசிக்கல் சேர், லைட் மியூசிக் என்று போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் மேடைக்குப் பின்னால், வெயிலில், கித்தாருக்குத் துப்பட்டாவைப் போர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். வெயில் பட்டால் சுருதி இறங்கிவிடும். இறங்கியது. ஏற்றினோம். மறுபடியும் இறங்கியது. அவள் ஒரு தடவை மணி பார்த்தாள். அந்த இன்டர்வியூவுக்கு உள்ளே விடும் நேரம் அப்போது முடிந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் எங்களை மேடை ஏற்றியபோது, பந்தலின் மறுபக்கம் பிரியாணி கவுன்டரைத் திறந்துவிட்டார்கள்.

மைக்செட்காரர் ஒரே ஒரு மைக்கைக் கொண்டுவந்து என் வாய்க்கு நேராக வைத்தார்.

"அண்ணே, கித்தாருக்கு வைக்கணும்ணே."

"பாட மாட்டீங்களா? பாட்டு இல்லாம இன்னாம்மா கித்தாரு?"

கெஞ்சியதும் இரண்டு பேருக்கும் நடுவில் அதைச் சாய்த்து வைத்தார். 'கூ' என்று ஒரு இரைச்சல் வந்தது. சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அவரும் சாப்பிடப் போய்விட்டார். நாங்கள் பெயின்ட் டப்பாவில் காலை வைத்து ஆரம்பித்தோம்.

எனக்கே என் கித்தார் கேட்கவில்லை. தட்டுச் சத்தம், குழந்தைகளின் அழுகை, மைக் இல்லாமலேயே கத்திக் கூப்பிடும் குரல்கள். முன்வரிசை நாற்காலிகள் காலி. நடுவில் ஒரே ஒரு இடத்தில் எங்கள் லைன் லீடர் இரண்டு பிள்ளைகளையும் பிடித்து உட்கார வைத்துக்கொண்டு, காதுப் பக்கம் கையைக் குவித்து முன்னால் சாய்ந்திருந்தார். அவருக்கும் ஒன்றும் கேட்டிருக்காது. முதல் பகுதி முடிந்தது. இரண்டாவதையும் ஒருவழியாகக் கடந்தோம். இனி மூன்றாவது. நான் அவளைப் பார்த்துத் தலையசைத்தேன். அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். முதல் சுரத்தை மீட்டினாள். இரண்டாவது, மூன்றாவது...

"ஒரு பலத்த கைத்தட்டல் கொடுங்க!" என்று தொகுப்பாளர் பெரிய குரலில் கத்திக்கொண்டே மேடைக்கு வந்தார். டைரக்டர் வந்துவிட்டாராம். பின்னாலேயே ஹெச்.ஆர். அதிகாரி, மாலை, பொன்னாடை, போட்டோகிராபர். நான் கையை எடுத்துவிட்டேன். அவள் எடுக்கவில்லை. இன்னும் இரண்டு மூன்று சுரம் வாசித்தாள். தொகுப்பாளர் குனிந்து, சிரித்த முகத்தோடு, "போதும்மா, போதும்மா" என்று அவள் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

டைரக்டரை எங்களுக்கு நடுவில் நிற்க வைத்தார்கள். நாங்கள் எழுந்துகொள்ளப் போனபோது போட்டோகிராபர், "உட்காருங்க, உட்காருங்க. வாசிக்கிற மாதிரி இருங்க. சத்தம் வேணாம், டைரக்டர் சார் பேசிட்டிருக்கார். சும்மா கைய மட்டும் வைங்க. அந்த டப்பா ரெண்டையும் யாராவது எடுங்கப்பா, அசிங்கமா இருக்கு" என்றார். ஒரு கை வந்து என் காலுக்கு அடியிலிருந்து டப்பாவை உருவியது. "சிரிங்கம்மா. நீங்க சிரிக்கல, லெஃப்ட்ல இருக்கிறவங்க." இடது பக்கம் இருந்தது அவள். அவள் சிரித்தாள்.

கீழே இறங்கியதும் லைன் லீடர் வந்து எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருந்திச்சும்மா" என்றவர், "எனக்குத்தான் சரியா கேக்கல" என்று தானாகவே சொன்னார். அன்றைக்கு யாரும் எங்களிடம் சொன்னதில் உண்மையானது அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிறு டியூஷன் சென்டருக்கு நான் மட்டும் போனேன். எப்படிப் போச்சு என்று எல்லோரும் ஆசையாகக் கேட்டார்கள். "நல்லா போச்சு" என்றேன். அவள் ஏன் வரவில்லை என்றதற்கு ஓவர்டைம் என்றேன். அவள் ரூமில்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் அங்கே வரவே இல்லை.

மார்ச்சில் பட்டியல் வந்தது. எங்கள் இருவர் பெயரும் இல்லை. நான் பேசாமல் இருந்திருப்பேன். அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு ஹெச்.ஆர். அறைக்குப் போனாள்.

"சார், நீங்கதான் சார் சொன்னீங்க, பாத்துக்கலாம்னு."

அவர் எங்களை மறக்கவில்லை. அதுதான் கசப்பு. நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். "அன்னைக்கு பிரமாதமா பண்ணீங்கம்மா, டைரக்டரே உங்களப் பத்திக் கேட்டார். ஆனா டேலண்ட் வேற, ஹெட்கவுன்ட் வேற. மேலேருந்து நம்பர் வருது, நான் என்ன பண்றது? ஆல் த பெஸ்ட்" என்று எழுந்து கை கொடுத்தார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு என்னவோ நினைத்துக்கொண்டு, கொடுத்துவிட்டாள். கேட்டில் ஐடி கார்டைக் கழற்றிக் கொடுக்கும்போது, "பிரேக் கம்பெனிக்காரன் இப்ப எடுக்கானாட்டி?" என்று மட்டும் கேட்டாள். எடுக்கவில்லை. அந்த வருஷத்து ஆட்களை அவர்கள் ஏற்கெனவே நிரப்பிவிட்டார்கள்.

அவள் ஊருக்குப் போனாள். தங்கச்சியின் படிப்பு நின்றதா தொடர்ந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் வரவில்லை. எனக்குப் படப்பையில் ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. நான் கூப்பிட்டால் அவள் போன் அடித்து ஓயும். கொஞ்ச நாளில் நானும் கூப்பிடுவதை விட்டுவிட்டேன்.

ஆறேழு மாதம் கழித்து, ஒரு மத்தியான நேரம், அவளே கூப்பிட்டாள். ஹலோகூடச் சொல்லவில்லை.

"எங்கூரு பஸ் ஸ்டாண்டுல நாம ரெண்டு பேரும் நிக்கோம்ட்டி."

"என்னட்டி சொல்லுத?"

"உக்காந்திருக்கோம். பெரிய பேனரு. நடுவுல அந்த வெள்ளைக்காரரு. வேலையோட உங்க திறமையும் வளரும்னு போட்டிருக்காவ. கம்பெனிக்குப் பிள்ளைய எடுக்க இங்க கேம்ப் போடுதாவளாம்."

அவள் தொடர்ந்தாள். அவள் தெருவில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வீடு தேடி வந்திருக்கிறாள். பேனரில் இருப்பது அக்காதானே, அங்கே வேலைக்குப் போனால் கித்தாரெல்லாம் சொல்லித் தருவார்களா, மேடையில் வாசிக்க விடுவார்களா என்று கேட்டிருக்கிறாள்.

"நீ என்ன சொன்ன?"

"ஆமா, வாசிச்சோம்னு சொன்னேன்."

"உள்ளதச் சொல்லிருக்கலாம்லா?"

"எப்படிட்டி சொல்ல? போட்டோவுல சிரிச்சிக்கிட்டுல்லா இருக்கேன். நான் சொன்னா நம்புவாவளா, அத நம்புவாவளா?"

சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. அந்தப் பெண் வேலைக்கு வந்தாளா என்று தெரியாது. சாயங்காலம் படப்பை ரோட்டில் கம்பெனி பஸ் போகும்போதெல்லாம் ஜன்னலோரத்தில் தெரியும் புதுமுகங்களைப் பார்த்தேன், வருஷக்கணக்காக.

இப்போது எனக்கு வேறு ஊர், வேறு வேலை, ஒரு குடும்பம். யாராவது என்னைப் பார்த்து, உங்கள் திறமை எங்களுக்கு வேண்டும் என்று சொன்னால் நன்றி சொல்லத்தான் செய்கிறேன். ஆனால் இவர்கள் என்னைக் கேட்கப் போகிறார்களா அல்லது வெறுமனே காட்டப் போகிறார்களா என்ற கேள்வி, அந்த நன்றிக்கு முன்னால் வந்து நின்றுவிடுகிறது.